மொய் நோட்டும் ஒரு சான்று



கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வட்டிக் கணக்கைப்பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அதனை ஒரு மாதம் தள்ளிவைக்க நேர்ந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு நண்பரின் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூடத்தில், பெரியதொரு காகிதக் கட்டை விரித்துப் போட்டுக்கொண்டு கழித்துவிட்டோம். மகளைக் கனடாவிலுள்ள கணவனிடம் அனுப்புவதற்கான விண்ணப்பக் கட்டு அது. அயல்நாட்டு மாப்பிள்ளை இப்போது நம்மவர் குடும்பங்களில் அரிதன்று. அன்பர்கள் சிலர் இதுபற்றி முன்னரே கேட்டும் இருக்கிறார்கள். ஆதலின் அந்தக் கட்டின் கதையையே இம்மாதம் எழுதுகிறோம்.

நண்பர் நம்மினும் இருபது வயது மூத்தவர். பார்சல் ஆபீசில் பணி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அண்ணாச்சி என்றே அழைத்து நமக்குப் பழக்கம். அவருடைய மூத்த மகளுக்கு 2023-ஆம் ஆண்டு தை மாதம் ஊர்க்கோயிலில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை அதே வட்டாரத்துப் பிள்ளை. கனடாவில் படித்து, அங்கேயே வேலையில் அமர்ந்து, 2021-இல் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர். தாலி கட்டிய பத்தொன்பதாம் நாள் விடுமுறை தீர்ந்து விமானம் ஏறிவிட்டார். அன்று முதல் அந்தப் பெண் சில மாதம் மாமியார் வீட்டிலும் சில மாதம் தந்தை வீட்டிலுமாக இருந்து வருகிறாள். "எப்போது புறப்படுகிறாய்?" என்று கேட்காத உறவினர் இல்லை.

விண்ணப்ப வேலையை ஒரு முகவர் ஏற்றுக்கொண்டார். பணம் பெற்றார், ஓர் ஆண்டுக்கு மேல் இதோ அதோ என்றார், கடைசியில் ஒரு கட்டைக் கொடுத்து எல்லோரையும் கையெழுத்திடச் சொன்னார். அண்ணாச்சிக்கு மனம் ஒப்பவில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வந்தார். "தம்பி, கட்டு பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள்ளே என் மகளைக் காணவில்லையே!" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். இருவரும் வாட்ஸப்பில் பரிமாறிக்கொண்ட செய்திகள் 430 தாள்கள். அவற்றிற் பாதி, காலை வணக்கமும் பூப்படமும். புகைப்படங்கள் 260, தேதி இல்லை, இடம் இல்லை, நிற்பவர் யாரென்ற குறிப்பும் இல்லை. திருமணப் பதிவுச் சான்றிதழ் 310-ஆம் தாளாக நடுவில் புதைந்து கிடந்தது.

நாம் சட்டம் படித்தவர் அல்லோம், பள்ளியிறுதியோடு நின்றவர். ஆனால் ரயில்வேயில் சரக்கு நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குமாஸ்தா வேலை பார்த்து வருகிறோம். அங்கே கற்றது ஒன்று உண்டு. உண்மையிலேயே மூட்டையைப் பறிகொடுத்தவன் பெரும்பாலும் கிழிந்த ரசீதோடும் மறந்துபோன தேதியோடும் வருவான். கோரிக்கை பொய்யானதன்று, ஆனால் பைலைப் படிக்கும் உத்தியோகஸ்தர் அவனுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். கனடாவின் உத்தியோகஸ்தர் நிலையும் இதுவே. அவர் அண்ணாச்சியின் வீட்டுக் காப்பியைக் குடித்ததில்லை.

அவர் தேடுவது என்ன? அந்நாட்டுக் குடிபுகல் ஒழுங்குவிதிகளின் 4-ஆம் பிரிவு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இத்திருமணம் மெய்யானதா? குடியேறும் உரிமை பெறுவதே இதன் முதன்மை நோக்கமா? திருமணம் மெய்யன்று என்றாலும் மறுக்கலாம். நோக்கம் தவறு என்றாலும் மறுக்கலாம். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மறுக்க முடியும் என்ற நிலை 2010 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மாறிவிட்டது. ஆகவே இன்று இருவரும் அன்போடு வாழ்கிறார்கள் என்று காட்டுவது மட்டும் போதாது; அன்று மணம் பேசியபோது பேசியவர்களின் எண்ணம் என்ன என்பதும் தாளில் தெரியவேண்டும்.

பெரியோர் பேசி முடித்த திருமணத்தில் இதற்கான சான்று காதல் கடிதத்தில் இராது. மணத்துக்கு முன் அவர்கள் கடிதமே எழுதியிருக்க மாட்டார்கள். ஜாதகம் கொடுத்து வாங்கியது, நிச்சய தாம்பூலத்தில் இரு வீட்டாரும் கையெழுத்திட்ட லக்னப் பத்திரிகை, அழைப்பிதழ், சமையற்காரர்க்கு முன்பணம் கொடுத்த சீட்டு, ஊருக்குப் போன ரயில் டிக்கெட்டு, மொய் நோட்டு ஆகியவற்றில் அது இருக்கிறது. முகவரின் கட்டில் இவற்றுள் அழைப்பிதழ் ஒன்றைத் தவிர வேறில்லை. கேட்டபோது, "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குப் புரியாது" என்றாராம். நாம் அப்படிக் கருதவில்லை. இந்திய விண்ணப்பங்களை நாள்தோறும் பார்ப்பவர்க்கு நம் வழக்கம் ஓரளவு தெரியும். தெரிவதனாலேயே வழக்கத்துக்கு மாறானது எதுவும் அவர் கண்ணில் உறுத்தும்: ஏன் கூட்டம் சிறியது, மாப்பிள்ளையின் தந்தை ஏன் படத்தில் இல்லை, சந்தித்த ஐந்தாம் நாளே ஏன் தாலி?

அண்ணாச்சி வீட்டுத் திருமணத்தில் இம்மூன்றும் உண்டு.

முதல் ஞாயிறு முழுவதும் வேறொன்றும் செய்யவில்லை. ஒரு நீளத் தாளை எடுத்து, இடப்பக்கம் தேதியும் வலப்பக்கம் நடந்ததும் எழுதினோம். அண்ணாச்சியும் மதினியும் பெண்ணும் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். 2022 ஆவணியில் மாப்பிள்ளையின் தாயும் அத்தையும் மும்பைக்கு வந்து பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை கைப்பேசித் திரையில் தோன்றிப் பேசினார். மதினிக்கு அதுவே "பார்த்தது". முகவரும் படிவத்தில், இருவரும் 2022 ஆகஸ்டில் மும்பையில் முதன்முதல் சந்தித்ததாக எழுதிவிட்டார். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டிலோ அந்த ஆண்டு இந்தியாவில் இறங்கிய முத்திரையே இல்லை. 2023 ஜனவரியில், மணத்துக்கு ஐந்து நாள் முன்னர்தான் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் படிக்கிறவர்க்கு அது பொய்யாகவே தோன்றும். "திரையில் கண்டது இந்நாள், நேரிற் கண்டது இந்நாள், இடையில் ஐந்து மாதம் தொலைபேசியிற் பேசிவந்தோம்" என்று இரண்டையும் தனித்தனியே எழுதச் செய்தோம்.

கூட்டம் சிறியதற்கும் தந்தை படத்தில் இல்லாததற்கும் காரணம் ஒன்றே. மாப்பிள்ளையின் தந்தைக்கு மார்கழிக் கடைசியில் பக்கவாதம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். விடுமுறையும் விமான டிக்கெட்டும் முடிவாகிவிட்டபடியால், மண்டபத்தை விட்டுவிட்டுக் கோயிலில் அறுபது பேரோடு முடித்தார்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதி திரும்பி வரவில்லை. அந்தச் சீட்டை மதினி கோபத்தில் கிழித்திருப்பார்கள் என்று எண்ணினோம். நல்லவேளை, கோபத்திலேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்பும், மண்டபச் சீட்டும், மணம் முடிந்த மறுநாள் கட்டிலருகே மணமக்கள் ஆசி பெறும் படமும் ஆக மூன்று தாள்கள் சேர்ந்தன. முந்நூறு படம் சொல்லாததை அவை சொல்லிவிட்டன.

பதிவுச் சான்றிதழ்பற்றிக் கவலையில்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைத் தொண்ணூறு நாட்களுக்குள் பதிய வேண்டும். மாப்பிள்ளை புறப்படுமுன் இருவரும் சார்பதிவாளர் முன் சென்று அதை முடித்திருந்தார்கள். மும்பையில் வாழும் நம்மவர் பலர் ஊரில் மணம் முடித்து, "பதிவைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று ரயிலேறிவிடுகிறார்கள். மாப்பிள்ளை கடல் கடந்தபின் அது பெரும்பாடு. ஓர் அன்பர், விடுமுறை கிடைக்காவிடில் வீடியோவிலேயே மணம் முடிக்கலாமா என்று கேட்டிருந்தார். கனடாவைப் பொறுத்தவரை ஆகாது. மணமக்கள் இருவரும் நேரில் இல்லாத திருமணத்தை 2015 ஜூன் 11 முதல் அவர்கள் குடிபுகலுக்கு ஏற்பதில்லை.

இரண்டாம் ஞாயிறு மாப்பிள்ளையோடு வீடியோவிற் பேசினோம். நல்ல பிள்ளை, ஆனால் அந்நாட்டு வருமானவரிக் கணக்கில் இரண்டு ஆண்டுகளாகத் தம்மை மணமாகாதவர் என்றே காட்டி வந்திருக்கிறார்! "மனைவி இங்கே இல்லையே, அதனால் அப்படிப் போட்டேன்" என்றார். மனைவி எங்கிருந்தாலும் மணமானவர் மணமானவரே. நிலை மாறிய அடுத்த மாதக் கடைசிக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒரு கையால் "இவள் என் மனைவி" என்றும் மறுகையால் "எனக்கு மணமாகவில்லை" என்றும் ஒரே அரசுக்கு எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுக் கணக்கையும் திருத்தி அனுப்பச் சொன்னோம். திருத்தியதை மறைக்காமல், அறியாமையால் நேர்ந்தது என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரியும் சேர்க்கச் சொன்னோம்.

இதனினும் கொடிய பிழை ஒன்று உண்டு. பிள்ளையைப் பெற்றவர்கள் கவனிக்க. மணமான பின்னர் நிரந்தர உரிமை பெறுகிறவர், அந்த விண்ணப்பத்தில் மனைவி உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால், பிற்பாடு அந்த மனைவியையே குடும்ப வகுப்பில் அழைத்துக்கொள்ள முடியாது. 2019-இல் சிலர்க்கு மட்டும் இதில் ஒரு சலுகை வந்தது. சலுகையை நம்பிப் பிழை செய்வார் உண்டோ? நம் மாப்பிள்ளை உரிமை பெற்றது 2021, மணம் 2023; அவ்வகையிற் பிழைத்தார்.

இனி அந்த 430 தாள். அண்ணாச்சி அவற்றைத் தொடவே கூசினார். மகளும் மருமகனும் பேசிக்கொண்டதைத் தந்தை படிப்பதா? முகவரின் ஆபீசிலோ அவற்றை எத்தனை பேர் படித்தார்களோ, தெரியாது. பெண் வாசலருகில் நின்றுகொண்டு, "சித்தப்பா, எல்லாவற்றையும் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டாள். வேண்டியதில்லை என்று சரிபார்ப்புப் பட்டியலைக் காட்டினோம். கடிதமும் செய்தியுமாகப் பத்துப் பக்கத்துக்கு மேல் அவர்களே கேட்பதில்லை. புகைப்படமும் இருபதே போதும் என்கிறார்கள். கட்டு முழுவதையும் அவளிடமே கொடுத்து, "நீயே தனியாக இருந்து பத்துப் பக்கம் எடு, கொஞ்சலும் குலாவலும் வேண்டாம், வீட்டு விஷயம் பேசிய பக்கமாக மாதம் தப்பாமல் பரவலாக எடு" என்றோம். மாமனாரின் மருந்துச் செலவு, தம்பியின் கல்லூரிச் சேர்க்கை, அங்கே வாடகை வீடு மாறியது, தீபாவளிக்கு யார் வீட்டில் இருப்பது என்ற சிறு வாக்குவாதம் இவற்றையே எடுத்தாள். மற்ற 420 தாளையும் மதினி அன்று மாலையே அடுப்பங்கரைக்குப் பின்னால் கொளுத்திவிட்டார்கள்.

ஆனால் பெண் ஒன்றை நம்மிடம் தனியே சொன்னாள். 2023 ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இரண்டு மாதம் இருவருக்கும் பேச்சே இல்லை. நகை விஷயமாகப் பெரியவர்களிடையே மூண்ட சொல், மணமக்களைப் பிரித்துவிட்டது. பிறகு மாப்பிள்ளையே அழைத்துச் சமாதானம் ஆயிற்று. 2024-இல் வந்து மூன்று வாரம் உடனிருந்தும் போனார். முகவர் இதை அறிந்து, அந்த இரண்டு மாதத்துக்குப் பழைய தேதியிட்டுச் சில கடிதம் எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்கு, நான்கு புடவை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் நான்கு ஊர்போல் படம் பிடிக்கவும் யோசனை கூறியிருக்கிறார்.

இங்கே நாம் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டோம் என்றே எண்ணுகிறோம். மெய்யான திருமணத்தைப் பொய்ச் சான்றால் தாங்குவது, நல்ல மூட்டைக்குக் கள்ள ரசீது வைப்பது போன்றது. ரசீது பிடிபட்டால் மூட்டையும் போயிற்று. பொய்த் தகவல் தந்தது தெரிந்தால் ஐந்து ஆண்டு அந்நாட்டில் நுழையவே இயலாது. முன்னர் இரண்டாக இருந்ததை 2014-இல் ஐந்தாக்கினார்கள். அப்போது முகவர்க்கு ஒன்றும் நேராது. அவர் பெயர் படிவத்திலேயே இல்லை! பணம் பெற்று ஆலோசனை கூறுவோர் அந்நாட்டு வழக்கறிஞராகவோ, அங்கு 2021 முதல் ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கிவரும் அமைப்பின் உறுப்பினராகவோ இருத்தல் வேண்டும். அவர் பெயரையும் விண்ணப்பத்தில் காட்டுதல் வேண்டும். "என் பெயரைப் போடவேண்டாம்" என்று ஒருவர் சொல்வாராயின் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இரண்டு மாத இடைவெளியைப் பெண்ணே தன் விளக்கத்தில் இரண்டு வாக்கியத்தில் எழுதினாள்: குடும்பத்தாரிடையே மனத்தாங்கல் நேர்ந்தது, நாங்கள் பேசவில்லை, பின்னர்க் கணவர் அழைத்தார். அண்ணாச்சிக்கு முதலில் சம்மதமில்லை. "நம் வீட்டுச் சண்டையைக் கனடாவுக்கு எழுதுவதா?" என்றார். சண்டையே வராத வீட்டைத்தான் யாரும் நம்பமாட்டார்கள் என்று மதினி சொன்னதும் அடங்கினார்.

புகைப்படத் தேர்வில் பெண்ணுக்கும் நமக்கும் கொஞ்சம் தகராறு. ஸ்டூடியோக்காரர் எடுத்த அழகிய படங்களை அவள் விரும்பினாள். பந்தியில் உறவினர் வாயில் கவளத்தோடு இருக்கும் படங்களை நாம் விரும்பினோம். அவளுக்கு ஐந்து, நமக்குப் பதினைந்து என்று ஒப்பந்தமாயிற்று. ஒவ்வொன்றின் கீழும் தேதி, ஊர், நிற்பவர் பெயர், உறவுமுறை. திருச்செந்தூரிலும் கன்னியாகுமரியிலும் 2024-இல் எடுத்தவற்றோடு அந்தந்தப் பயண டிக்கெட்டையும் ஒட்டினோம்.

பெயர்ச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், அழைப்பிதழில் வீட்டுப் பெயரோடு ஒரு பெயர், பாங்குக் கணக்கில் தலைப்பெழுத்து முன்பின்னாக. எல்லாம் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்துகொண்டோம். மணமான பெண் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. தமிழ்த் தாள்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். அதை உறவினர் செய்யலாகாது. மொழிபெயர்த்தவர் சுபகிருது வருடத்தை அடுத்த சோபகிருதுவாக்கித் திருமணத்தை ஓராண்டு தள்ளிவிட்டிருந்தார்! நல்லவேளை, அனுப்புமுன் கண்டோம்.

மொய் நோட்டை நான்காம் ஞாயிறு எடுத்தோம். நாற்பத்து மூன்று பெயர். இரு வீட்டுத் தாய்மாமன்மாரும் எழுதிய பக்கத்தையும் முதற்பக்கத்தையும் மட்டும் படியெடுத்தோம். அதைப் புரட்டும்போது அண்ணாச்சி தம் பழைய ஆபீஸ் பைலிலிருந்து ஒரு தாளை உருவினார். பாஸ் பிரிவுக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தின் நகல். மணமாகாத மகளுக்கு ரயில்வே பாஸ் உண்டு, மணமானால் இல்லை. ஆகவே மணம் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய வாரமே, குடும்பப் பட்டியலிலிருந்து மகளின் பெயரை நீக்குமாறு எழுதிக்கொடுத்திருக்கிறார். ஆபீஸ் முத்திரையும் தேதியும் தெளிவாக இருந்தன. யாரும் கேட்காமல், எந்த விண்ணப்பத்தையும் மனத்தில் வைக்காமல் எழுதிய தாள். இதனினும் நல்ல சான்று நமக்குத் தோன்றவில்லை. பஞ்ச் செய்து பைலில் கோப்பதற்காகக் கைநீட்டினோம். அண்ணாச்சி கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை. அதிலிருந்த மகளின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நகல் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் தம்பி, இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

முடிவாகத் தாள்கள் 61. முன்னால் ஒரு பக்கத்தில் தேதிவாரியான வரலாறு, அதன்பின் எண்ணிட்ட அட்டவணை. அனைத்தையும் படமெடுத்து இணையவழி ஏற்றினார் மாப்பிள்ளை. மறுப்பு வருமாயின், அழைக்கும் கணவர் அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றத்துக்கு முப்பது நாட்களுக்குள் முறையிடலாம் என்பதையும் குறித்துக் கொடுத்திருக்கிறோம். அந்தக் குறிப்பை மதினி சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, "அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்கள். கைரேகை பதிய அழைப்பு வந்து, சென்ற வாரம் பெண் போய்வந்தாள். பதில் இன்னும் வரவில்லை.

கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வட்டிக் கணக்கை அடுத்த இதழில் தவறாது எழுதுவோம்.